எல்லை நகரம் ஜொகூர் பாரு

சென்ற ஆண்டு மலரில் யாம் நாகைத் துறைமுகத்தைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்த காலனி அன்பர் சிலர், "கப்பல் ஏறியவர்களைப் பற்றி எழுதினீர், அவர்கள் இறங்கிய கரையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லையே" என்று எம்மைக் கேட்டனர். கேள்வி நியாயமானதே. அக்கரையை யாம் 2018-ஆம் ஆண்டில் ஒருமுறை கண்டு வந்திருக்கிறோம். நம் காலனியில் முன்னர் வசித்த நண்பர் ஒருவரின் தமையனார் குடும்பம் ஜொகூர் பாருவில் வாழ்கிறது. அவ்வீட்டுத் திருமணத்திற்கு அழைப்பு வந்தது. சேமிப்பில் கைவைத்து ஒன்பது நாள் விடுப்பில் சென்றோம். சென்றதற்குத் திருமணம் மட்டும் காரணமன்று. மற்றொரு காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

மலேசியத் தீபகற்பத்தின் தென்கோடியில், ஒரு கிலோமீட்டர் அகலமே உள்ள நீரிணையின் வடகரையில் அமைந்தது ஜொகூர் பாரு. எதிர்க்கரை சிங்கப்பூர். இக்கரையில் நின்று பார்த்தால் அக்கரை வீடுகளின் சன்னல்கள் தெரியும். ஆயினும் இடையில் இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனைகள் இருக்கின்றன. ஊரின் பழம்பெயர் தஞ்சோங் புத்திரி. தஞ்சோங் என்பது மலாய் மொழியில் நிலமுனை. புத்திரி என்பது நாம் அறிந்த அந்தப் புத்திரியே, அரசமகள் என்னும் பொருளில் அங்கே வழங்குகிறது. ஜொகூர் என்னும் பெயர் மணியைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பாரு என்றால் புதிய. ஆக, ஒரே ஊரின் இரு பெயர்களில் வடமொழியும் அரபும் மலாயும் சேர்ந்து கிடக்கின்றன. ஊரின் இயல்பும் அத்தகையதே.

இந்நகருக்கு வயது அதிகமில்லை. 1855-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சுல்தான் அலி என்பாருக்கும் தெமெங்கோங் தாயேங் இப்ராகீம் என்பாருக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. மூவார் பக்கத்துச் சிறு நிலப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, எஞ்சிய ஜொகூர் முழுவதன் ஆட்சியையும் சுல்தான் விட்டுக்கொடுத்தார். அதற்கு அவர் பெற்றது 5,000 ஸ்பானிய வெள்ளியும் மாதம் 500 வெள்ளிப் படியுமாகும். ஒரு நாடு கைமாறிய விலை அது. தெமெங்கோங் அப்போது சிங்கப்பூரில் தெலோக் பிளாங்கா என்னும் இடத்தில் வாழ்ந்து வந்தார். நாட்டின் ஆட்சி கையில் இருந்ததேயொழிய நாட்டிலே ஊர் இல்லை. குடிகள் மிகக் குறைவு. காடு மட்டும் நிறைய இருந்தது. காட்டை வைத்து வருவாய் தேட அவர்கள் கண்ட வழியை நாம் சற்று விரிவாகவே அறிதல் வேண்டும். ஏனெனில் இந்நகரின் கலப்பு அங்கிருந்தே தொடங்கிற்று.

ஜொகூரில் ஆறுகள் பல. ஒவ்வோர் ஆற்றங்கரையையும் ஒரு சீனத் தலைவருக்கு எழுதிக்கொடுத்தனர். அந்தப் பட்டயத்துக்குச் சூராட் சுங்கை, அதாவது ஆற்றுச் சீட்டு, என்று பெயர். சீட்டுப் பெற்ற தலைவர் காங்சூ எனப்பட்டார். ஆற்றுத்துறைக்கு உடையவர் என்பது பொருள். அவர் தம் ஆட்களைக் கொணர்ந்து காட்டை வெட்டி மிளகுக் கொடியும் காம்பியர் செடியும் பயிரிடுவார். காம்பியர் இலையைப் பெருங்கொப்பரையிலிட்டுக் காய்ச்சி எடுக்கும் சாறு தோல் பதனிடுவதற்கும், வெற்றிலையுடன் மெல்லுவதற்கும் பயன்பட்டது. காய்ச்சியபின் எஞ்சும் சக்கை மிளகுக்கு உரமாகும். காய்ச்ச விறகு வேண்டும்; விறகுக்குக் காடு வேண்டும். சில ஆண்டுகளில் மண்ணும் களைத்துவிடும், விறகும் தீர்ந்துவிடும். உடனே அடுத்த ஆற்றுக்குப் பெயர்வார்கள். இவ்வாறு ஆறு ஆறாகக் காடு அழிந்து நாடு ஆயிற்று. இம்முறை 1844-இல் தெப்ராவ் ஆற்றில் தான் கீ சூன் என்னும் தியோச்சியூ இனத்தலைவர் குடியேறியதிலிருந்து தொடங்கி, 1917-இல் சட்டத்தால் நீக்கப்படும் வரை நடந்தது. குடிவந்தோரில் பெரும்பகுதியினர் தியோச்சியூ மக்கள். அவர்களுடைய கீ ஹெங் சங்கம் மற்ற நாடுகளில் மறைவுச் சங்கம் என்று தடைசெய்யப்பட்டிருந்தது. ஜொகூரிலோ அரசின் ஒப்புதலோடு இயங்கிற்று. அச்சங்கத் தலைவராயிருந்த தான் ஹியோக் நீயின் பெயரில் நகரின் நடுவே இன்றும் ஒரு தெரு உள்ளது.

அதற்கருகே மற்றொரு தெரு, வோங் ஆ ஃபூக் என்பவர் பெயரில். இவர் கண்டோனிய இனத்தவர். 1854-இல் பதினேழு வயதுத் தச்சராகச் சிங்கப்பூர் வந்திறங்கியவர். பின்னர்க் கட்டட ஒப்பந்தக்காரராகி, 1866-இல் முடிந்த பெரிய அரண்மனையைக் கட்டிக்கொடுத்தார். நகரின் ஓடைக்கரையில் தமக்கென ஒரு பேட்டையே ஏற்படுத்தி, 1903-இல் சிங்கப்பூரில் வங்கியும் நிறுவினார். உளியும் கையுமாய் வந்தவர் வங்கி முதலாளியானதைத் திருமண வீட்டார் எமக்கு உரைத்தபோது அவர்கள் குரலிலே பெருமை ஒலித்தது. அவர்கள் தமிழர், அவரோ சீனர். எனினும் தம் ஊர்க்காரர் என்னும் உரிமை அக்குரலில் இருந்தது.

இவர்களையெல்லாம் ஒரு குடைக்கீழ் வைத்தாண்டவர் அபூபக்கர். 1862-இல் தந்தைக்குப்பின் தெமெங்கோங் ஆகி, 1868-இல் மகாராஜா எனவும் 1885-இல் சுல்தான் எனவும் பட்டம் புனைந்தார். இங்கிலாந்துக்கும் சப்பானுக்கும் சென்று வந்தவர். 1895 ஏப்ரலில் எழுத்து வடிவில் ஓர் அரசியல் சட்டத்தைத் தம் நாட்டுக்கு அளித்துவிட்டு, அதே ஆண்டு சூன் மாதத்தில் இலண்டனில் மறைந்தார். அவர் தொடங்கி 1900-இல் நிறைவுற்ற பள்ளிவாசல் நீரிணையை நோக்கிய குன்றின்மேல் நிற்கிறது. அதன் தூபிகளைப் பார்த்தால் ஆங்கில நாட்டு மணிக்கூண்டுகளின் நினைவு வரும். ஜொகூர் நாட்டுப் பண்ணுக்கு 1879-இல் இசை அமைத்தவரோ அங்கு வாழ்ந்த ஓர் ஆர்மேனியர். மலாய் அரசின் பண்ணை ஆர்மேனியர் இசைத்ததில் எவருக்கும் குறை தோன்றவில்லை போலும்.

ஈண்டு நம்மவர் ஒருவரையும் குறிப்பிடல் தகும். அபூபக்கரின் அரசவையில் உயர்பதவி வகித்த முகமது இப்ராகீம் முன்ஷி என்பார், மலாய் உரைநடையின் தந்தை என்று போற்றப்படும் அப்துல்லா முன்ஷியின் புதல்வர். அப்துல்லாவின் முன்னோரில் ஒருவர் ஏமன் நாட்டிலிருந்து நாகூரில் வந்து தங்கியவர். அக்குடும்பத்தில் தமிழ்க் குருதி கலந்திருந்தது. மலாக்காவில் வாணிகக் கணக்குகள் தமிழில் எழுதப்பட்ட காலமாதலின், அப்துல்லாவைச் சிறுவயதில் தமிழ் படிக்க அனுப்பினார் தந்தையார். இதனை அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். கணக்கெழுதும் தொழிலில் இருபதாண்டு கழித்த எமக்கு, ஒரு காலத்தில் மலாக்காவில் கணக்கு என்றால் தமிழ் என்று இருந்தமை சிறு மகிழ்ச்சி அளித்தது என்பதை மறைப்பானேன்?

இனி நகரின் தெருக்களுக்கு வருவோம். துரூஸ் சாலையில் சீனரின் பழைய கோயில் ஒன்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. உள்ளே ஐந்து தெய்வங்கள். தியோச்சியூ, ஹொக்கியன், ஹக்கா, கண்டோனியர், ஹைனானியர் என்னும் ஐந்து மொழிக் கூட்டத்தார்க்கும் ஆளுக்கொரு தெய்வம். பிற ஊர்களில் இக்கூட்டத்தார் தனித்தனியே கோயில் கட்டி, தனித்தனியே சண்டையுமிட்டனர். இங்கே ஒரே கூரையின்கீழ் ஐவரையும் அமர்த்தினர். ஆண்டுதோறும் சீனரின் முதல் திங்கள் இருபதாம் நாளையொட்டி ஐந்து தெய்வங்களும் பல்லக்கில் ஊர்வலம் வருகின்றன. சுமப்போர் பல்லக்கை இருபுறமும் குலுக்கி ஆட்டி எடுத்துச் செல்வதும், தெருவெல்லாம் மக்கள் கூவி வாழ்த்துவதும் நம் ஊர்த் தேரோட்டத்திற்குச் சற்றும் குறையா என்றார் திருமண வீட்டுப் பெரியவர். தாம் ஐம்பது ஆண்டுகளாகத் தவறாமல் பார்த்து வருவதாகவும், இளமையில் ஒருமுறை தாமும் தோள் கொடுத்ததாகவும் கூறினார். தோள் கொடுத்ததை அவர் மனைவியார் நம்பவில்லை.

அதே சாலையில் சிறிது நடந்தால் சீக்கியரின் குருத்துவாரா. அருகே 1883-இல் எழுந்த கத்தோலிக்கத் தேவாலயம். இன்னும் சிறிது தொலைவில் இந்தியர் பள்ளிவாசல். உங்கு புவான் சாலையில் மாரியம்மன் கோயில். பழைய நகரம் முழுவதையும் அரைமணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். இத்தனையும் அதற்குள் அடக்கம். டோபி சாலை என்று ஒன்றுண்டு. நம் நாட்டுச் சலவைத் தொழிலாளர் வாழ்ந்தமையால் வந்த பெயர். அங்கே இந்திய முஸ்லிம் ஒருவர் 1937-இல் தொடங்கிய ரொட்டிக்கிடங்கும், அடுத்த தெருவில் ஹைனானியர் குடும்பம் 1919 முதல் விறகடுப்பில் சுடும் ரொட்டிக்கிடங்கும் இருந்தன. இரண்டிலும் வாங்கினோம். எது மேல் என்று சொல்லி அவ்வூரில் பகை தேட யாம் விரும்பவில்லை. மீன்தலைக் கறி விற்கும் கடையொன்றில் சமையற்காரர் சீனர், மசாலை நம்முடையது, உண்போர் எல்லா இனத்தவரும். ஜொகூர் லக்சா என்னும் உணவில் இத்தாலிய நாட்டு மாவுநூலைப் போடுகிறார்கள். அபூபக்கர் ஐரோப்பாவில் உண்டு விரும்பி அவ்வழக்கத்தைக் கொணர்ந்தார் என்பது செவிவழிச் செய்தி.

இருப்புப்பாதை ஊழியன் எழுதும் கட்டுரையில் வண்டி இத்துணைத் தாமதமாக வருவது முறையன்று. நாம் அதனிடம் செல்வோம்.

ஜொகூரின் முதல் இருப்புப்பாதை இரும்பால் ஆனதன்று! 1869-இல் அபூபக்கர் நகரிலிருந்து குனோங் பூலாய் மலைக்கு ஒரு பாதை போட முனைந்தார். காட்டுமரம் மலிவு, இரும்பு விலையோ மிகுதி. ஆகவே தண்டவாளத்தையும் மரத்தாலேயே செய்தனர். வண்டியும் சிறிது தொலைவு ஓடிற்று. பிறகு கறையான் வந்தது. கட்டைக்குக் கறையான் பிடிப்பதை நம் பகுதியிலும் கண்டிருக்கிறோம். தண்டவாளத்தையே கறையான் தின்ற செய்தியைப் படித்தபோது எம் அலுவலகத் தோழர்கள் நகைத்த நகை அடங்கச் சிறிது நேரமாயிற்று.

மெய்யான பாதை 1909-ஆம் ஆண்டு சூலையில் வந்தது. கெமாஸ் என்னும் சந்திப்பிலிருந்து ஜொகூர் பாரு வரை மீட்டர் கேஜ் பாதை. எதிர்க்கரையில் சிங்கப்பூர்ப் பாதை 1903-லேயே நீரிணைக்கரை வரை வந்து காத்திருந்தது. நடுவே நீர். பயணிகள் படகில் கடந்தனர். சரக்கு வண்டிகளை மிதவைகளில் ஏற்றிக் கடத்தினர். இரப்பரும் ஈயமும் பெருகப் பெருக இம்முறை திணறிற்று. இரவும் பகலும் மிதவை ஓட்டியும் கரையில் வண்டிகள் தேங்கின. யார்டு நெருக்கடி என்றால் என்னவென்று நம் காலனிக்கு விளக்க வேண்டியதில்லை.

இரும்புப் பாலம் கட்டினால் அதைப் பேணும் செலவு தீராது எனக் கருதி, நீரிணையின் குறுக்கே கல்லைக் கொட்டிக் கரையே போட்டுவிடத் துணிந்தனர். ஆதலின் நாம் பாலம் பாலம் என்று வழங்கினாலும் அது பாலமன்று, அணையென்பதே பொருந்தும். 1919-இல் பணி தொடங்கிற்று. 1920 ஏப்ரல் 24-ஆம் நாள் கால்கோள் விழா. புலாவ் உபின் தீவிலும் புக்கித் தீமாவிலும் கருங்கல் உடைத்து, ஏறத்தாழ 15 லட்சம் கன கஜம் கொட்டினர். நீளம் 3,465 அடி. அகலம் 60 அடி. அதன்மேல் இரண்டு இருப்புப்பாதைகளும் ஒரு சாலையும் தண்ணீர்க் குழாயும். சிறு கலங்கள் கடந்து செல்ல ஜொகூர்க் கரையோரம் மடைவாயிலும், அதன்மேல் தூக்குப்பாலமும் வைத்தனர். 1923 செப்டம்பர் 17-இல் சரக்கு வண்டியும் அக்டோபர் முதல் நாளில் பயணிவண்டியும் ஓடின. 1924 சூன் 28-இல் ஆளுநர் கில்லமார்டும் சுல்தான் இப்ராகீமும் முன்னிற்க முறைப்படி திறந்துவைத்தனர். சாலை திறக்குமுன்னரே சரக்கு வண்டி ஓடியதைக் கவனிக்க. எந்நாட்டிலும் முதலில் செல்வது சரக்கே, நாமெல்லாம் பின்னர்தான்.

இப்பாதையைப் போட்டவர்களும் போட்டபின் காத்தவர்களும் பெரும்பாலும் தமிழர். மலாயா இருப்புப்பாதையின் கேங்குகள் தமிழ்க் கேங்குகளாகவே இருந்தன. சாலைத்துறையிலும் அவ்வாறே, இரப்பர்த் தோட்டங்களைச் சொல்லவே வேண்டா. கங்காணி ஊருக்கு வந்து ஆள்சேர்த்து நாகையில் கப்பலேற்றிய கதையைச் சென்ற ஆண்டு எழுதினோம். 1938-இல் இந்திய அரசு அவ்வகைக் குடியேற்றத்தைத் தடுத்து நிறுத்திற்று.

எம் பாட்டனாரின் தம்பி 1936-இல் சென்றவர். மன்னார்குடிக்குத் தெற்கே எம் சிற்றூர். ரஜூலா கப்பலில் ஏறிச் சென்று, ஜொகூர்ப் பகுதியில் கேங்மேனாகச் சேர்ந்தார். அவரிடமிருந்து வந்த அஞ்சலட்டைகளில் ஒன்று மட்டும் எம்மிடம் உள்ளது. 1941 ஆகஸ்டில் எழுதியது. மழை மிகுதி என்றும், பத்து வெள்ளி அனுப்பியிருப்பதாகவும், மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றியதாகவும், தைக்குப்பின் வருவதாகவும் ஐந்து வரி. எழுத்து அவருடையதன்று, யாரோ எழுதிக்கொடுத்தது. கீழே பெருவிரல் ரேகை. அத்தைக்குப்பின் எழுபத்தாறு தைகள் சென்றபின்னரே எம் குடும்பத்தார் ஒருவர் அவ்வூரை மிதித்தோம். இதுவே யாம் சொன்ன மற்றொரு காரணம்.

1941 டிசம்பரில் சப்பானியர் மலாயாவின் வடகோடியில் இறங்கினர். எட்டு வாரத்திற்குள் தென்கோடி வந்துவிட்டனர். 1942 சனவரி 31-ஆம் நாள் பிரித்தானியப் படையின் கடைசி வரிசை கல்லணையைக் கடந்து சிங்கப்பூருள் புகுந்தது. உடனே அணையை வெடிவைத்துத் தகர்த்தனர். 70 அடி அளவுக்கு இடைவெளி விழுந்தது. சிங்கப்பூருக்குத் தண்ணீர் கொணர்ந்த குழாயும் அதனோடு அறுந்தது. சப்பானியத் தளபதி யமாசித்தா ஜொகூர் அரண்மனைக் கோபுரத்தில் ஏறி நின்று எதிர்க்கரையை நோக்கிப் போரை நடத்தினார். பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அணையைச் சப்பானியர் செப்பனிட்டனர். மடைவாயிலும் தூக்குப்பாலமும் பின்னர் ஒருநாளும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

அதற்குப்பின் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர்ப் பாதையை மிக விரைவில் போட்டு முடிக்கச் சப்பானியர் முடிவு செய்தனர். மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து தண்டவாளங்களைப் பெயர்த்து அங்கே கொண்டுபோனார்கள். தண்டவாளம் போடத் தெரிந்த ஆட்களும் வேண்டுமன்றோ? தோட்டங்களிலிருந்தும் தெருக்களிலிருந்தும் தமிழர்களைச் சரக்கு வண்டிகளில் அடைத்து அனுப்பினர். 1943 அக்டோபர் 17-இல் பாதை இணைந்தது. அங்கே மடிந்த வெள்ளைச் சிறையாளர்களுக்குக் காஞ்சனபுரியில் மட்டும் ஏறக்குறைய 7,000 கல்லறைகள், பெரும்பாலும் பெயரோடு, வரிசை வரிசையாக உள்ளன. பர்மியர், மலாயர், சாவகர், தமிழர் ஆகிய ஆசியத் தொழிலாளர் அவர்களைப்போல் பன்மடங்கு மாண்டனர். அவர்களுக்குப் பெயர்ப் பதிவேடு வைக்கப்படவில்லை. காலராவிலும் பசியிலும் இறந்தவர்களைக் குழியிலிட்டு மூடினர். ஒரு கேங்கில் எத்தனை மண்வெட்டி, எத்தனை சம்மட்டி என்று ஒவ்வொரு திங்களும் கணக்கெடுத்து ஒப்பமிடுவது எம் தொழில். மண்வெட்டிக்குள்ள கணக்கு இம்மனிதர்க்கு இல்லாமற் போயிற்று.

எம் சின்னத் தாத்தா அவ்வண்டியில் சென்றாரா, அன்றி ஜொகூரிலேயே மாண்டாரா? திருமணத்திற்கு மறுநாள் பழைய நிலையத்திற்குச் சென்றோம். 1909-ஆம் ஆண்டுக் கட்டடம். 2010 அக்டோபரில் பக்கத்தில் புதிய நிலையம் திறந்தபின் பழையது ஓய்வு பெற்றுவிட்டது. பூட்டிய கதவருகே நெடுநேரம் நின்றோம். காவலர் மலாய் இளைஞர். எம் மலாய்மொழி அறிவு மூன்று சொற்களோடு முடிகிறது. அவருக்குத் தமிழ் தெரியாது. அஞ்சலட்டையைக் காட்டினோம். அவர் அதை இரு கையாலும் வாங்கிப் பார்த்து, பெருவிரல் ரேகையைத் தொடாமல் சுட்டி, எம் முகத்தை நோக்கினார். பிறகு எமக்கு அமர நாற்காலி கொணர்ந்து போட்டார்.

அங்கிருந்து கண்ணாடிக் கோயிலுக்குச் சென்றோம். தெப்ராவ் சாலையருகே இருப்புப்பாதையை ஒட்டி அமைந்தது ராஜகாளியம்மன் கோயில். 1922-இல் ஒரு குடிசையாகத் தோன்றியது. சுவரும் கூரையும் தூணும் நிறக் கண்ணாடித் துண்டுகளால் இழைக்கப்பட்டு 2009-இல் புதுக்கோலம் பூண்டது. பாங்காக்கில் அருண் புத்தர் கோயில் ஒளிர்வதைக் கண்டு கோயில் தலைவர்க்கு இவ்வெண்ணம் எழுந்ததாம். கருவறை ஒன்றின் சுவரில் மூன்று லட்சம் உருத்திராக்க மணிகள் பதித்திருக்கிறார்கள். புத்தர், ஏசுநாதர், அன்னை தெரசா ஆகியோரின் பளிங்குருவங்களையும் உள்ளே வைத்திருக்கிறார்கள். எமக்குக் கண்ணாடி சற்று மிகையாகவே பட்டது, கண் கூசிற்று. ஆயினும் அங்கு கண்ட சீனரும் வெளிநாட்டாரும் கைகூப்பி நின்றதைப் பார்த்தபின் எம் கருத்தை எம்மோடு வைத்துக்கொண்டோம்.

அக்கோயிலில் எம் மனத்தைத் தைத்தது வேறொன்று. அந்நிலம் ஜொகூர் சுல்தான் அளித்தது. 1911-இல் தோன்றிய உங்கு புவான் சாலை ராஜ மாரியம்மன் கோயில் நிலமும் அவ்வாறே; ராஜ என்னும் அடைமொழி அதனால் வந்தது என்பர். கூலிக்கு வந்தவர் கும்பிடும் தெய்வத்திற்கு ஒரு முஸ்லிம் அரசர் நிலம் எழுதிக்கொடுத்தார். எழுத்து இருந்தமையால் கோயில் இருக்கிறது. அதே மலேசியாவில் தோட்டங்களுள் எழுந்த எத்தனையோ கோயில்களுக்கு அத்தகைய எழுத்து இல்லை. தோட்டம் கைமாறியபோது, காடுவெட்டி வாழ்ந்தவர்களோடு அவர்களின் சாமியும் இடம்பெயர நேர்ந்தது. நம் காலனியில் மூன்றாம் லைனுக்குப் பின்னால் உள்ள நம் மாரியம்மன் சந்நிதிக்கு என்ன எழுத்து உள்ளது என்று யாம் அன்றிரவு எண்ணிப் பார்த்தோம். நம் பெரியவர்கள் கல்நட்டுக் கும்பிட்ட இடம். மின்கட்டணச் சீட்டைத் தவிர வேறு தாள் ஒன்றும் எம் கண்ணில் பட்டதில்லை.

நாடுகள் பிரிந்த கதையைச் சுருக்கிச் சொல்வோம். 1963-இல் மலேசியா உருவாயிற்று. 1965 ஆகஸ்டு 9-இல் சிங்கப்பூர் பிரிந்தது. 1967 முதல் கல்லணையைக் கடக்கக் குடிநுழைவுச் சோதனை வந்தது. அதுவரை ஒரே ஊரின் இரு தெருக்களைப்போல் வாழ்ந்த இரு கரையும் இரு நாடுகள் ஆயின. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது: 1962-இல் எழுதிய உடன்படிக்கைப்படி 2061 வரை நாளொன்றுக்கு 25 கோடி காலன் தண்ணீர், ஆயிரம் காலனுக்கு மூன்று காசு விலையில். விலைபற்றிய பேச்சு இரு நாட்டு அமைச்சர்க்கும் நெடுங்காலமாக ஓயாத பேச்சு.

புகைவண்டியும் ஓடிற்று. சிங்கப்பூர் நகரின் தஞ்சோங் பகார் நிலையம் வரை மலேசிய வண்டிகள் சென்று வந்தன. 2011 சூன் 30-ஆம் நாள் இரவு அந்நிலையத்திலிருந்து கடைசி வண்டி புறப்பட்டது. அதனை ஓட்டிச் சென்றவர் ஜொகூர் சுல்தான் இப்ராகீம்! கல்லணை திறந்த சுல்தானின் கொள்ளுப்பேரன். முறையாகப் பயிற்சி பெற்று எஞ்சினில் ஏறினார். தம் கொள்ளுப்பாட்டனார் திறந்த பாதையில் கடைசி வண்டியைத் தாமே ஓட்ட வேண்டும் என்று விரும்பினாராம். 2024-இல் அவரே மலேசியாவின் மாமன்னராகவும் ஆனார். அரசரை நாம் பலவாறு புகழலாம். எஞ்சின் ஓட்டத் தெரிந்த அரசர் என்னும் புகழ் எம் துறையினரின் தனிப் புகழாக இருக்கட்டும்.

அதற்குப்பின் அணைமேல் மட்டும் ஓடும் சிறுவண்டி 2015-இல் வந்தது. ஐந்தே நிமிடப் பயணம். அதில் யாமும் சென்றோம். ஜொகூரில் ஏறினால் கட்டணம் ஐந்து ரிங்கிட். சிங்கப்பூரில் ஏறினால் ஐந்து சிங்கப்பூர் வெள்ளி. ஒரு வெள்ளி அப்போது ஏறத்தாழ மூன்று ரிங்கிட். ஒரே தொலைவு, ஒரே வண்டி, ஒரே எண்; ஆனால் ஒருபுறம் மூன்று மடங்கு. கட்டண அட்டவணை எழுதிப் பழகிய எமக்கு அதனைப் பார்த்துத் தலை சுழன்றது. அதே அணையை ஒட்டிப் புதிய விரைவுப் பாதையொன்றின் வேலை 2020-இலும் 2021-இலுமாக இரு கரையிலும் தொடங்கிற்று. அது ஓடத் தொடங்கியபின் பழைய பாதையில் வண்டி ஓடாது என்பது அறிவிக்கப்பட்ட முடிவு.

நாள்தோறும் மூன்று லட்சம் பேர் கடந்து வந்த அவ்வணை 2020 மார்ச்சு 18-ஆம் நாள் தொற்றுநோயை முன்னிட்டு மூடப்பட்டது. யாம் விருந்துண்ட வீட்டின் மணமகன் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர். காலையில் சென்று இரவில் திரும்புவார். அன்று அக்கரையிலேயே நின்றுவிட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் அவருக்குப் பெண்மகவு பிறந்தது. குழந்தை தவழ்ந்ததையும் நடந்ததையும் தொலைபேசித் திரையில் பார்த்தார். அவ்வப்போது மாலையில் அவர் சிங்கப்பூர்க் கரையிலும், அன்னையார் ஜொகூர்க் கரையிலுமாக நின்று, கைபேசியில் பேசிக்கொண்டே ஒருவர் நிற்கும் திசையை ஒருவர் நோக்குவார்களாம். 2021 நவம்பர் இறுதியில் பேருந்து விட்டபோதுதான் வீடு வந்தார். "ஒரு கிலோமீட்டர் தம்பி, கூப்பிட்டால் கேட்கிற தூரம்" என்று அவ்வம்மையார் எமக்குத் தொலைபேசியில் கூறினார். எம் பாட்டியார் தம் கொழுந்தனாரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கடலின் தொலைவையே குறைகூறுவார்கள். தொலைவு ஒரு பொருட்டன்று போலும்.

ஊர் திரும்பும் நாளன்று மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்தோம். பெயரும் நட்சத்திரமும் கேட்டார் குருக்கள். பெயர் சொன்னோம். நட்சத்திரம் எம் வீட்டில் எவர்க்கும் தெரியாது. "சாமி பெயருக்கே செய்துவிடுகிறேன்" என்று அவர் சொல்ல, "வேண்டா, அவர் பெயரையே சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டோம். மூன்று முறை சொன்னார்.

நம் காலனியில் மலாயா சென்ற முன்னோரையுடைய குடும்பங்கள் எமக்குத் தெரிந்தவரை பதினொன்று உள்ளன. தெரியாதவை இன்னும் இருக்கலாம். அவர்களின் பெயர், ஊர், சென்ற ஆண்டு, செய்த தொழில், திரும்பினரா இல்லையா என்பவற்றை எழுதிவைக்க ஒரு நீளப் பதிவேடு வாங்கிக் கோடிட்டு வைத்திருக்கிறோம். முதற்பக்கத்தில் ஒரு பெயர் எழுதியாயிற்று. அதே ஏட்டின் பின்பக்கங்களில், நம் சந்நிதியில் கல்நட்ட ஆண்டையும் நட்டவர் பெயர்களையும், அறிந்த முதியோர் சொல்லச் சொல்ல எழுதி, அவர்களிடம் ஒப்பம் வாங்க எண்ணம். பழைய அஞ்சலட்டை, கப்பற் சீட்டு, நிழற்படம், நன்கொடை ரசீது எதுவாயினும் கொணர்க. பார்த்தெழுதிக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். காலை முறை வேலையுள்ள வாரங்களில் மாலை ஐந்து மணிக்குமேல் யாம் வீட்டிலேயே இருப்போம்.